பேங்காக் ‘4 இரவு 5 பகல்’ பேக்கேஜ்: ஒற்றை ஆளுக்கு எது தேறும், எது தேறாது

பெங்களூரில் இன்ஃபன்ட்ரி ரோடு, கன்னிங்ஹாம் ரோடு, சிவாஜி நகர் என்று எந்தப் பக்கம் டிராவல்ஸ் அலுவலகத்தில் விசாரித்தாலும் கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். மேலே லோகோ மாறும், உள்ளே சமாசாரம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் இரண்டு இரவு பட்டாயா, ஒரு நடன ஷோ, ‘கோரல் ஐலண்ட் வித் இந்தியன் லஞ்ச்’. அடுத்த இரண்டு இரவு பேங்காக், அரை நாள் கோயில் டூர், முடிந்தால் சஃபாரி வேர்ல்ட், ஐந்தாம் நாள் ஏர்போர்ட் டிராப். இங்கே மதிப்பிடுவது எந்த ஒரு நிறுவனத்தையும் அல்ல, இந்த ஒரே அச்சில் வார்த்த பேக்கேஜை. அதுவும் ஒரே ஓர் ஆள் வாங்கினால் என்ன ஆகும் என்ற கோணத்தில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வயதான அப்பா அம்மாவோடு போகும் குடும்பத்துக்கு இந்தப் பேக்கேஜ் நல்ல சரக்கு. நாலு நண்பர்கள் சேர்ந்து போனால் பழுதில்லை. தனியாக, வியாழன் லீவு போட்டு ஞாயிறு இரவு திரும்ப நினைக்கும் ஆளுக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் விமான டிக்கெட்டுக்காக.

விலைப் பட்டியலின் பொடி எழுத்து

பி.டி.எஃப்.பின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை ‘ட்வின் ஷேரிங்’ அடிப்படையில் ஒருவருக்கு. அதாவது ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்து, அறை வாடகையைப் பாதியாக்கிச் சொன்னது. தனியாளுக்கு மீதிப் பாதியும் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்ற பெயரில் ஏறும். ஒரு கணக்குக்கு, அறை நாளுக்கு 1,500 பாட் (தாய்லாந்து நாணயம்) என்றால் விளம்பர விலையில் 750 தான் இருக்கும். நாலு இரவுக்கு இன்னொரு 3,000 பாட் வெளியே நிற்கிறது. மனக்கணக்குக்கு ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 9,000 ரூபாய்.

இதற்கு அடுத்தது ‘மினிமம் 2 பேக்ஸ்’ என்ற வரி, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். தனி வண்டியில் ஏர்போர்ட் பிக்கப், பட்டாயா பயணம், பேங்காக் திரும்பல் எல்லாம் இரண்டு பேருக்குக் குறையாமல் விலை போட்டவை. ஒருவர் போனால் இரண்டு பேர் கட்டணம், அல்லது ‘எஸ்.ஐ.சி.’, அதாவது பொது வேனில் ஒரு சீட். பொது வேன் மலிவுதான். ஆனால் அது ஏழெட்டு ஹோட்டல் வாசலில் நின்று ஆள் ஏற்றும். முதல் ஹோட்டல் உங்களுடையது என்றால் காலையில் முக்கால் மணி நேரம் வேனுக்குள்ளேயே பேங்காக் டிராஃபிக்கைப் பார்க்கலாம். சில்க் போர்டு ஜங்ஷனைத் தினமும் பார்க்கிறவருக்கு அதற்காக விமானம் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

வரியும் கவனிக்க வேண்டியது. பேக்கேஜ் தொகையின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. அதோடு, ‘வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ்’ என்று பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ்., அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அதனால் பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை காசு முடங்கிக் கிடக்கும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்று கொடுத்த விளக்கப்படி, சர்வதேச விமான டிக்கெட், ஹோட்டல், இதே வகையான மற்ற செலவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் அது பேக்கேஜ். வெறும் டிக்கெட் மட்டும் வாங்கினாலோ, வெறும் ஹோட்டல் மட்டும் போட்டாலோ பேக்கேஜ் கணக்கில் வராது. தனியாகப் பிரித்து வாங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பி.டி.எஃப். எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ‘நாட் இன்க்ளூடட்’ பட்டியலில் ‘விசா ஆன் அரைவல் 2,000 பாட்’ என்று இருந்தால், அது பல காலமாக யாரும் திருத்தாத காகிதம். இந்தியர்களுக்குத் தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் 60 நாள் விசா விலக்கு அறிவித்தது. இந்த மாதிரிச் சலுகைகளை அந்த அரசு அவ்வப்போது கூட்டும், குறைக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கிற அன்றைக்குத் தூதரகத்தின் வலைப்பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

ஐந்து பகல் எங்கே போகிறது

பெங்களூரிலிருந்து பேங்காக் ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பறப்பு. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். ஆகவே புறப்படும் நேரத்தோடு ஐந்து மணி நேரம் கூட்டினால் அங்கே இறங்கும் கடிகார நேரம் வந்துவிடும். நள்ளிரவு 12:30-க்குக் கிளம்பினால் விடியற்காலை 5:30. திரும்பும்போது பறக்கும் நேரம் சற்றுக் கூடும், கடிகாரம் பின்னால் போகும். புறப்பட்ட நேரத்தோடு இரண்டேகால் முதல் இரண்டரை மணி கூட்டினால் போதும்.

பேக்கேஜ் முதலில் சறுக்குவது இங்கேதான். விடியற்காலை 5:30-க்கு இறங்கியதும் உங்களை வேனில் போட்டு நேராகப் பட்டாயாவுக்கு விடுவார்கள். சுவர்ணபூமியிலிருந்து கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஒன்பது மணிக்கு ஹோட்டல் வரவேற்பறை. அறை கிடைப்பதோ மதியம் 2 மணிக்கு. ‘எர்லி செக்-இன் சப்ஜெக்ட் டு அவெய்லபிலிட்டி’ என்று பி.டி.எஃப்.பில் எழுதியிருப்பது இந்த ஐந்து மணி நேரத்தைத்தான். கடைசி நாளும் இதே கதை. மதியம் 12-க்கு அறையைக் காலி செய், இரவு விமானத்துக்கு மாலை வண்டி. ஐந்து பகலில் உருப்படியாகக் கையில் நிற்பது மூன்று.

இன்னொரு பொறி தேதி. திங்கள் 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால் ஞாயிறு இரவு எட்டரை, ஒன்பதுக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திங்கள் இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. தனியாகப் போகும்போது பக்கத்தில் இருந்து ஞாபகப்படுத்தவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

எந்த ஏர்போர்ட் என்று கேளுங்கள்

பேங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் முவாங். பெங்களூரிலிருந்து தாய் ஏர்வேஸ், இண்டிகோ இரண்டும் சுவர்ணபூமிக்குப் போகின்றன. ஏர்ஏசியா டான் முவாங்கில் இறங்கும். பேக்கேஜில் ‘பேங்காக் ஏர்போர்ட்’ என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள். தனியாளுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

சுவர்ணபூமியின் அடித்தளத்திலிருந்தே ஏர்போர்ட் ரெயில் லிங்க் கிளம்புகிறது. எட்டு நிலையங்கள், கடைசி நிலையமான பயா தாய் வரை அரை மணிக்குள், கட்டணம் தூரத்தைப் பொறுத்து 15 முதல் 45 பாட். நம்ம மெட்ரோவில் உள்ள மாதிரியே பிளாஸ்டிக் டோக்கன்தான். உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போது துவாரத்தில் போட வேண்டும். மக்காசானில் இறங்கினால் எம்.ஆர்.டி. எனும் சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் உள்ள பெட்சபுரி நிலையத்துக்கு நடந்து மாறலாம். பயா தாயில் பி.டி.எஸ். ஸ்கைட்ரெயின் எனும் மேம்பால ரயிலுக்கு மாறலாம். விடியற்காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். டாக்ஸிதான் வேண்டும் என்றால் முதல் தளத்தில் மெஷினில் சீட்டு எடுத்துப் போக வேண்டும். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் டோல் காசும் உண்டு. இந்த 50 பாட்டை ஏமாற்று என்று நினைத்து டிரைவரிடம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முறையான கட்டணம்.

டான் முவாங்கில் இறங்கினால் எஸ்.ஆர்.டி. சிவப்புத் தட ரயில் இருக்கிறது. குருங் தேப் அபிவத் பெரிய நிலையம் வரை போய் அங்கிருந்து பாங் சூ எம்.ஆர்.டி. பிடிக்கலாம். ஏ1 பஸ் மோ சிட் ஸ்கைட்ரெயின் நிலையத்துக்குப் போகும். முடியாத காரியம் இல்லை, ஒரு மாற்றம் கூடுதல். டிக்கெட் விலையில் இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் வித்தியாசம் என்றால் சுவர்ணபூமியே நல்லது. மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோ, பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. நாலு நாளைக்கு 7 கிலோ தாராளம். பெங்களூரில் சர்வதேச விமானம் எல்லாம் டெர்மினல் 2. நள்ளிரவிலும் மெஜஸ்டிக்கிலிருந்து வாயு வஜ்ரா ஏர்போர்ட் பஸ் உண்டு, ஆனால் பகலைப்போல அடுத்தடுத்து வராது.

பட்டாயா பாதி

இந்தப் பேக்கேஜில் தனியாளுக்கு முற்றிலும் வீணான பகுதி இது. பட்டாயா குழுவாகப் போகிற ஊர். கோரல் ஐலண்ட் என்று அவர்கள் விற்பது கோ லான் தீவு. வேகப்படகு நேராகக் கரைக்குப் போகாது, நடுக்கடலில் ஒரு மேடையில் நிற்கும். அங்கே பாராசெயிலிங், வேறொரு இடத்தில் ‘சீ வாக்’, இரண்டுக்கும் தனிக் காசு. எதுவும் வேண்டாம் என்கிற ஆள் லைஃப் ஜாக்கெட்டோடு அந்த மேடையில் மற்றவர்கள் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதே தீவுக்கு பாலி ஹாய் துறையிலிருந்து சாதாரண ஃபெரி 30 பாட், முக்கால் மணி நேரம். கட்டாயம் கடல் பார்க்க வேண்டும் என்றால் சுவர்ணபூமி முதல் தளத்திலிருந்தே பட்டாயா, ஜோம்தியன் பஸ் கிடைக்கும்.

பட்டாயாவுக்குச் செலவாகும் ஒன்றரை நாளை அயுத்தயாவுக்குக் கொடுக்கலாம். 1767-இல் பர்மியப் படை அழிக்கும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமின் தலைநகர். 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு 20 பாட் சுமார், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். முன்பதிவு கிடையாது, கவுண்டரில் அப்போதே வாங்கி ஏறலாம். பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டி எது, குருங் தேப் அபிவத்திலிருந்து கிளம்பும் வண்டி எது என்பதை முதல்நாளே பார்த்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் நெடுந்தூர வண்டிகளைப் புதிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள், பழைய வலைப்பதிவுகளை நம்பிப் போனால் தவறான நிலையத்தில் நிற்க நேரும். அயுத்தயாவில் வாடகை சைக்கிள் எடுத்து காலை பத்தரைக்குள் பாதியைச் சுற்றிவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் மதியம் அங்கே நிழல் கிடையாது.

ஹோட்டல் தேர்வு: நட்சத்திரம் அல்ல, நிலையம்

பேக்கேஜ் ஹோட்டல்கள் பெரும்பாலும் பிரதுனாமிலோ, சுகும்வித் சாலையின் நானா பக்கத்திலோ இருக்கும். டூர் வேன் நிற்க வசதி, இந்திய உணவகங்கள் பக்கம், அவ்வளவுதான் காரணம். வேனில் போகிறவருக்கு அது சரி. ரயிலில் போகும் தனியாளுக்கு நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் மூன்று நட்சத்திர அறை, இருபது நிமிட நடையில் இருக்கும் நாலு நட்சத்திர அறையைவிட மேல். பேங்காக் வெயிலிலும் மழையிலும் அந்தப் பதினைந்து நிமிட வித்தியாசம் ஒரு நாளைக்கு நாலு முறை வரும்.

அசோக் பகுதியில் ஸ்கைட்ரெயினும் (அசோக்) சுரங்க ரயிலும் (சுகும்வித்) ஒரே இடத்தில் சந்திக்கின்றன. முதல்முறைக்கு இதுதான் வசதி. சீலோம் பக்கம் சாலா டேங் நிலையத்தை ஒட்டிப் போட்டால் நதிப் படகும் மாரியம்மன் கோயிலும் கிட்டே. பழைய நகரம்தான் நோக்கம் என்றால் சாம் யோட் எம்.ஆர்.டி. அருகே சிறிய விடுதிகள் நிறைய. 2019 செப்டம்பரில் நீலத் தடம் நீண்டபின் சாம் யோட், சனாம் சாய் நிலையங்கள் வந்துவிட்டதால், ஒரு காலத்தில் டாக்ஸி இல்லாமல் போக முடியாத அரண்மனைப் பகுதி இப்போது ரயிலுக்குள் வந்துவிட்டது. இது பேக்கேஜ் பி.டி.எஃப்.களுக்கு இன்னும் எட்டவில்லை. கௌசான் ரோடு மலிவுதான், கூத்தும் ஜாஸ்தி. வாசலில் ரயில் கிடையாது.

ஹோட்டலில் நுழைந்ததும் டெபாசிட் கேட்பார்கள், அறை காலி செய்யும்போது திரும்பும். கிரெடிட் கார்டில் பிடித்து வைத்தால் திரும்ப வரச் சில நாள் இழுக்கும். அதனால் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது உத்தமம். முன்பதிவில் ‘இலவச ரத்து’ உள்ள அறையாகப் போடுங்கள். ஐநூறு ரூபாய் மலிவுக்காக ரத்து செய்ய முடியாத அறை போட்டு, லீவு கிடைக்காமல் முழுப் பணமும் போன கதைகள் பெங்களூர் ஐ.டி. வட்டாரத்தில் ஏராளம்.

கோயில் டூர் என்ற பெயரில்

‘ஹாஃப் டே சிட்டி டூர்’ என்பதில் வழக்கமாகத் தங்க புத்தர், சாய்ந்த புத்தர் அல்லது சலவைக்கல் கோயில், பிறகு ஒரு நகைக் கடை. கடை நிறுத்தம் விருப்பம் அல்ல, டூரின் அங்கம். வேனின் விலை மலிவாக இருப்பதே அந்தக் கடை கொடுக்கும் கமிஷனால்தான். ஊருக்கே அடையாளமான அரண்மனையும் மரகத புத்தர் கோயிலும் இதில் பெரும்பாலும் இருக்காது. காரணம் எளிது: வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு 500 பாட். அதைச் சேர்த்தால் பேக்கேஜ் விலை கண்ணை உறுத்தும்.

தனியாகப் போகிறவர் இந்தப் பகுதியை ஒரே நாளில், அதிலும் இறங்கிய அன்றே முடிக்கலாம். 5:30-க்கு இறங்கி, ரயிலில் வந்து, ஏழரைக்குள் ஹோட்டலில் பையை மட்டும் போட்டுவிட்டு, எட்டரைக்கு அரண்மனை திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் டூர் பஸ் கூட்டம் கால் வைக்க இடம் விடாது. சீட்டு விற்பனை மதியம் மூன்றரையோடு முடியும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அரைக்கால் சட்டை, கை இல்லாத மேல்சட்டை இரண்டையும் வாசலிலேயே தடுப்பார்கள். ஆகவே விமானத்திலேயே முழுப் பேன்ட் போட்டுக்கொள்வது நல்லது.

அரண்மனையைச் சுற்றிய நடைபாதையில் நல்ல ஆங்கிலம் பேசும், டிப்டாப் உடை அணிந்த ஒருவர் அணுகுவார். “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும், அதுவரை இருபது பாட்டில் நாலு கோயில் காட்டச் சொல்கிறேன்” என்று ஒரு டுக்டுக்கைக் கூப்பிடுவார். அந்த இருபது பாட் சவாரி முடிவது ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ. தனியாளைத்தான் இவர்கள் குறி வைப்பார்கள். பதில் சொல்லாமல் நடையைக் கட்டி நேராகச் சீட்டுக் கவுண்டருக்குப் போய்விட வேண்டும். தொல்லை மீறினால் சுற்றுலா போலீஸ் எண் 1155.

அரண்மனையிலிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளச் சாய்ந்த புத்தர், நுழைவு 300 பாட். பழைய பதிவுகளில் 200 என்று இருக்கும், நம்ப வேண்டாம். அங்கிருந்து தா தியன் துறை, ஐந்து பாட் ஃபெரியில் எதிர்க்கரை வாட் அருண். திரும்பும்போது சாவ் பிரயா ஆற்றின் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறிக்கொள்ளலாம். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், பதினாறு பாட் அளவு. துறையில் மேஜை போட்டு ‘டூரிஸ்ட் போட்’ சீட்டு விற்கிறவர்கள் நீலக்கொடிப் படகுக்காரர்கள்; அது விலை அதிகம், பெரிய ஆதாயம் இல்லை. ஆரஞ்சுப் படகுக்குச் சீட்டை உள்ளேயே வாங்கலாம். கையில் நீளமான உலோகக் குழாயைச் சடசடவென்று தட்டிக்கொண்டே கண்டக்டரம்மா வருவார். சில்லறை, சீட்டு எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான். கொடியின் நிறத்தைப் படகு நெருங்கும்போதே பார்த்துவிட வேண்டும், துறையில் அது நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சாத்தோர்ன் துறையில் இறங்கினால் தலைக்கு மேலேயே சபான் தக்சின் ஸ்கைட்ரெயின் நிலையம்.

சாலா டேங், சுராசாக் பக்கம் தங்குகிறவர்கள் மாலையில் சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் மூலைக்குப் போகலாம். தமிழர்கள் 1870-களில் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்றால் வழி சொல்வார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் தாய் மக்கள். சாமந்தி மாலையும் இளநீரும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நவராத்திரியில் அந்தச் சாலை முழுக்கத் திருவிழா, அப்போது அந்தப் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம். இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் சாம் யோட் நிலையத்திலிருந்து நடந்து பெரிய ஊஞ்சலையும் அதன் அருகே உள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலையும் பார்க்கலாம். அரசவைப் பிராமணர்களின் மார்கழிச் சடங்கில் திருவெம்பாவைப் பாடல்கள் இடம்பெறும் இடம் அது. ஊஞ்சல் விழா 1935-க்குப் பிறகு நடப்பதில்லை, தூண்கள் மட்டும் நிற்கின்றன. எந்தப் பேக்கேஜிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. பெங்களூர்த் தமிழர்களுக்கு விற்கிற காகிதத்தில் இது இல்லாதது கொஞ்சம் வியப்புதான்.

சாப்பாடு

பேக்கேஜின் ‘இந்தியன் டின்னர்’ என்பது தினமும் ஒரே பன்னீர், ஒரே பருப்பு. அசைவம் சாப்பிடுகிறவருக்கு அது பேங்காக்கில் இருந்துகொண்டு செய்யும் பாவம். சைவக்காரர்களுக்கு நியாயம் இருக்கிறது, ஆனால் மாற்று வழியும் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துடன் தொங்கும் ‘ஜே’ பலகை உள்ள கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டும் கிடையாது. பலகை இல்லாத கடையில் ‘வெஜிடபிள் ஒன்லி’ என்று சொன்னால் காய்கறிதான் வரும், மீன் சாஸ் ஊற்றி. சிக்கலே இங்கேதான். ‘நாம் ப்லா’ என்ற மீன் சாஸ், சிப்பி சாஸ், கறி விழுதில் அரைத்த இறால் கபி மூன்றும் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கறி, சிவப்புக் கறி விழுதில் பெரும்பாலும் கபி உண்டு. பப்பாளி சாலடில் காய்ந்த இறால் போடுவார்கள். போனில் தாய் எழுத்தில் ‘கின் ஜே’ என்பதை எடுத்து வைத்துக் காட்டுவது வாயால் சொல்வதைவிடப் பலன் தரும். தென்னிந்தியச் சாப்பாடு கட்டாயம் என்றால் சீலோம் மாரியம்மன் கோயில் சுற்று, வட இந்தியம் என்றால் பஹுரத் பகுதி.

காசு, போன், ஃபாரம்

2025 மே 1 முதல் டி.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டை எல்லா வெளிநாட்டவருக்கும் கட்டாயம். இறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து ஆன்லைனில் நிரப்பலாம். காசே கிடையாது. கூகுளில் தேடினால் மேலே வரும் சில போலித் தளங்கள் கட்டணம் கேட்கும்; தாய்லாந்து குடிவரவுத் துறையின் முகவரி ‘ஜிஓ டாட் டிஹெச்’ என்றே முடியும். சில ஏஜென்டுகள் இதற்கும் ‘டாக்குமென்டேஷன் சார்ஜ்’ போடுகிறார்கள். பத்து நிமிட வேலைக்கு அந்தக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனித் தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், ஆதாரில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதுமாக இருப்பவர்கள் நம்மில் ஏராளம். டிக்கெட், வருகை அட்டை இரண்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். கட்டத்தை நிரப்புவதற்காக இல்லாத பெயரைச் சேர்த்தால் திருத்தக் கட்டணம் டிக்கெட்டில் பாதியைத் தின்றுவிடும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

பெங்களூர் இமிகிரேஷனில் தனியாகப் போகும் இளைஞர்களைக் கொஞ்சம் துருவிக் கேட்பார்கள். வேலை என்று ஆசை காட்டி, தாய்லாந்து வழியாக மியான்மர் மோசடிக் கூடங்களுக்கு இந்தியர்களைக் கடத்திய சம்பவங்களுக்குப் பிறகு வந்த எச்சரிக்கை அது. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, ஆபீஸ் அடையாள அட்டை மூன்றும் காகிதமாகக் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். பேங்காக்கில் இறங்கியபின்னும் கையிருப்புப் பணத்தைக் காட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆகவே எல்லாவற்றையும் கார்டிலேயே வைத்துக்கொண்டு போவது சரியல்ல.

பணத்தை மூன்றாகப் பிரிப்பது தனியாளுக்குப் பாதுகாப்பு: கொஞ்சம் பாட் ரொக்கமாக, கொஞ்சம் மாற்றத் தக்க நோட்டாக, மிச்சம் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் (கூடுதல் கட்டணம்) இல்லாத கார்டில். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை எடுத்துப் போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பேங்காக் மாற்றுக் கடைகளில் 500 ரூபாய் நோட்டை வாங்குவார்கள், ஆனால் டாலருக்குக் கிடைக்கும் நல்ல விலை ரூபாய்க்குக் கிடைக்காது. சுவர்ணபூமியில் வருகைத் தளத்துக் கவுண்டர்களைத் தாண்டி, அடித்தளத்தில் ரயில் வாசலை ஒட்டிய சூப்பர்ரிச் போன்ற கடைகளுக்குப் போக வேண்டும். ஒரே கட்டடத்தில் விலை நன்றாகவே மாறும். பாஸ்போர்ட் கேட்பார்கள். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள், சின்னச் சின்னத் தொகையாக எடுத்தால் அழிவு. திரையில் ‘ரூபாயில் மாற்றித் தரவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள், பாட்டிலேயே பிடிக்கட்டும். தெருக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். நம் யு.பி.ஐ. மாதிரி அவர்களுடைய பிராம்ப்ட்பே. நம் யு.பி.ஐ.யை நம்பிப் பசியோடு போய் நிற்க வேண்டாம். ஆயிரம் பாட் நோட்டைக் காலையிலேயே செவன் இலெவனில் மாற்றிவிட்டால் டாக்ஸியில் சில்லறைச் சண்டை வராது.

எம்.ஆர்.டி. கேட்டில் விசா, மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டை நேராகத் தட்டலாம். கார்டில் சர்வதேசப் பயன்பாட்டையும் டேப் வசதியையும் வங்கி ஆப்பில் இங்கேயே திறந்துவிட வேண்டும். ஸ்கைட்ரெயினுக்கு ஒற்றைப் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டால் நாலு நாளைக்குப் போதும்.

டேட்டாவுக்கு இ-சிம் எடுத்தாலும் இந்திய எண்ணில் ரோமிங்கைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கி ஓ.டி.பி. வராது, கார்டும் வேலை செய்யாது. இரண்டு முள் போன் சார்ஜர் அங்குள்ள பிளக்கில் நுழையும், லேப்டாப்பின் நம்மூர் மூன்று உருண்டை முள் நுழையாது. அடாப்டர் ஒன்று போதும். வேப் எனும் மின் சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில் இருந்தால் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏஜென்டிடம் எதை வாங்கலாம்

தசரா, தீபாவளி, டிசம்பர் கடைசி வார நீண்ட விடுமுறைகளில் ஏஜென்டுகள் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும் குரூப் சீட்டுகள், ஆன்லைனில் விலை எகிறும்போது நிஜமாகவே மலிவாக விழும். அப்போது “சார், ஏர் டிக்கெட் மட்டும் போட்டுக் கொடுங்க, லேண்ட் வேணாம்” (லேண்ட் என்றால் அங்கே இறங்கியபின் ஹோட்டல், வண்டி, டூர்) என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் தருவார்கள். குரூப் டிக்கெட்டைத் தேதி மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பாலும் முடியாது, பெயர் திருத்தமும் கஷ்டம். லீவு கையெழுத்தாகிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும். கட்டிய அன்றே பி.என்.ஆர். கேளுங்கள். ‘பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தருவோம்’ என்று சொன்னால் சீட்டு இன்னும் உங்கள் பெயரில் ஏறவில்லை என்று அர்த்தம். அந்தத் தேதியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பி.என்.ஆர். வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பெயரையும் பை எடையையும் சரிபாருங்கள். சில குரூப் சீட்டுகளில் 7 கிலோ கைப்பை மட்டும்தான் இருக்கும், வாய்மொழியாகச் சொன்ன 20 கிலோ அங்கே தெரியாது.